கடல் கடந்த கருங்கண்ணாடி



இரப்பர் மரம் வெட்டியவர்கள் கூர்மையின் அருமையை நன்கு அறிவார்கள். வைகறையில் வேலைக்குப் புறப்படுமுன் உளியைத் தீட்டுக்கல்லில் தேய்த்து, கட்டை விரலால் அதன் விளிம்பை மெல்லத் தடவிப் பார்த்த கைகள் நம்மிடையே இன்னும் பல உள்ளன. உளி மழுங்கினால் பட்டை பிய்ந்துவிடும். அளவுக்கு மேல் இறங்கினால் மரம் புண்படும். இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும், குலை அறுக்கும் அரிவாள் கூராக இல்லாவிடின் அன்றைய வேலை நடவாது.

உளியும் அரிவாளும் இரும்பால் ஆனவை. இரும்பு என்னும் உலோகத்தையே மனிதன் அறியாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் மீனை அரிந்தது எதனால்? தோலைக் கிழித்தது எதனால்? கயிற்றை அறுத்தது எதனால்? கல்லினால்தான். தமிழகத்தின் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் உள்ள செம்மணல் தேரிகளில், படிகக்கல் முதலியவற்றால் செய்யப்பட்ட விரல் நுனியளவே உள்ள சிறு கருவிகள் கிடைத்துள்ளன. அந்தந்த நாட்டு மக்கள் அந்தந்த மண்ணில் கிடைத்த கல்லைக் கொண்டு பிழைத்தார்கள்.

அக்கற்களுள் எல்லாம் கூர்மையில் தலைசிறந்தது ஒன்று உண்டு. அதுவே எரிமலைக் கண்ணாடி. ஆங்கிலேயர் இதனை அப்சிடியன் என்பர். நம் மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள ஒரு மலையில், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கடல் கடந்து வந்த எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு வந்தவர் பெயர் எழுதி வைக்கவில்லை. அவர்களுக்கு எழுத்தும் இல்லை. ஆயினும் அச்சில்லுகள் எங்கே பிறந்தன என்பதை இன்று நாம் அறிவோம். அஃது எவ்வாறு இயன்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணாடியான கல்

சர்க்கரைப் பாகைக் காய்ச்சிப் பல நாள் அசையாமல் ஆறவிட்டால் என்ன ஆகும்? அதில் கற்கண்டு விளையும். கற்கண்டின் ஒவ்வொரு கட்டியிலும் பட்டை பட்டையான முகங்கள் இருக்கும். அதே பாகை இன்னும் கெட்டியாகக் காய்ச்சித் தட்டில் ஊற்றி விரைவில் ஆறவைத்தால், ஒளி ஊடுருவும் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். பொருள் ஒன்றே, ஆறிய விதம்தான் வேறு.

எரிமலைக் குழம்பும் இத்தகையதே. பூமிக்கு அடியில் மெல்ல மெல்ல ஆறும் குழம்பில் மணி மணியாகப் படிகங்கள் விளைகின்றன. நம் பினாங்குக் கொடிமலையின் கருங்கற் பாறை அவ்வாறு உண்டானதே. அந்தப் பாறையை உற்று நோக்கினால் வெள்ளையும் கறுப்புமாய்ப் படிகங்கள் தெரியும். ஆனால் எரிமலையிலிருந்து வெளிப்பட்ட குழம்பு மிக விரைவாகக் குளிர்ந்து இறுகிவிட்டால், படிகம் விளைய நேரம் இருப்பதில்லை. முழுவதும் கண்ணாடியாகவே உறைந்துவிடுகின்றது. நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிலிக்கா உள்ள குழம்பே பெரும்பாலும் இவ்வாறு ஆகும். சன்னல் கண்ணாடி செய்ய நாம் உருக்கும் மணலிலும் இருப்பது அதே சிலிக்காதான்.

எரிமலைக் கண்ணாடி பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். உள்ளே படிகங்கள் இல்லாமையால் அது எப்பக்கமும் ஒரே சீராக உடையும். உடைந்த இடத்தில் சிப்பியின் உட்புறம் போன்று வளைவு வளைவாக வரிகள் தோன்றும். இரண்டு வளைவுகள் கூடும் விளிம்போ, எஃகுக் கத்தியின் விளிம்பினும் மெல்லியதாக இருக்கும். உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் கத்தியின் விளிம்பு இரம்பம் போலவும், இக்கல்லின் விளிம்பு நேர்க்கோடு போலவும் காணப்படும். ஆனால் இதற்கு ஒரு குறையும் உண்டு. இது எளிதில் நொறுங்கும். மரம் வெட்டக் கோடரியாக உதவாது. அரியவும், சீவவும், மயிர் மழிக்கவுமே உதவும்.

மாணவர்களே, இதனைச் சோதிக்க எண்ணிப் போத்தலை உடைத்துப் பார்க்க வேண்டா! உடைந்த கண்ணாடி கையை அறுக்கும் என்பதை அறியாதவர் யார்? நம் மூதாதையர் அந்த அறுக்கும் தன்மையைக் கண்டு அஞ்சி ஒதுங்காமல், அதனைத் தமக்குப் பயன்படுத்திக் கொண்டனர். அதுவே அவர்தம் அறிவுக்குச் சான்று.

கல்லின் கைரேகை

எரிமலைக் கண்ணாடி எல்லா நாட்டிலும் கிடைப்பதன்று. எரிமலை உள்ள இடங்களிலும் சிலவற்றில் மட்டுமே நல்ல கண்ணாடி அமைகின்றது. ஆதலின், ஓரிடத்தில் கண்ணாடிச் சில்லு கிடைத்து, அருகில் அதன் ஊற்றிடம் இல்லையெனில், யாரோ அதனைச் சுமந்து வந்தார் என்பது உறுதி. எரிமலைச் சாம்பல் காற்றில் பறக்கும். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல், நம் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கு வரை பறந்து வந்து படிந்துள்ளது. கல் அவ்வாறு பறக்காது. அதற்கு மனிதனின் கையும் படகும் வேண்டும்.

சரி, எங்கிருந்து சுமந்து வந்தார்? கண்ணால் பார்த்து இதனைக் கூற இயலாது. ஓர் எரிமலையின் கறுப்புக் கண்ணாடியும் மற்றோர் எரிமலையின் கறுப்புக் கண்ணாடியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இங்கேதான் வேதியியல் துணைக்கு வருகின்றது.

நம் தாய்மார்கள் வைக்கும் மீன்குழம்பை எண்ணிப் பாருங்கள். எல்லா வீட்டிலும் அதே புளி, அதே மிளகாய், அதே வெங்காயம். ஆயினும் ஒரு கவளம் வாயில் வைத்ததும், ‘இது அத்தை வீட்டுக் குழம்பு’ என்று பிள்ளை சொல்லிவிடும். சேர்மானத்தில் உள்ள சிறு வேற்றுமையே அதற்குக் காரணம். எரிமலைக் குழம்பிலும் அப்படித்தான். சிலிக்கா முதலிய பெரும்பொருள்கள் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஆனால் ருபீடியம், ஸ்ட்ரான்சியம், சிர்க்கோனியம் போன்ற தனிமங்கள் பத்து இலட்சத்தில் சில பங்கு, சில நூறு பங்கு என்ற அளவில் கலந்திருக்கும். அந்த அளவு எரிமலைக்கு எரிமலை வேறுபடும். மனிதருக்குக் கைரேகை எப்படியோ, எரிமலைக் கண்ணாடிக்கு இக்கலவை அப்படி.

இதனை அளக்கப் பல வழிகள் உள. அவற்றுள் ஒன்று எக்ஸ் கதிர் முறை. கல்லின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வெளியிடும். அக்கதிர்களை அளந்து, எத்தனிமம் எவ்வளவு உள்ளது என்று கணக்கிடுவர். பிறகு, அறியப்பட்ட ஊற்றிடங்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பர்.

கல்லின் கைரேகையை ஆராய்வதில் பெரும்புகழ் பெற்றவர்கள் இங்கிலாந்து நாட்டு அறிஞர்களான கேன் என்பாரும் காலின் ரென்ஃப்ரூ என்பாரும் ஆவர். 1964ஆம் ஆண்டில் அவர்கள் மத்தியதரைக் கடல் நாடுகளில் கிடைத்த எரிமலைக் கண்ணாடியை ஆராய்ந்து வெளியிட்டனர். கிரேக்க நாட்டின் மெலோஸ் தீவிலிருந்து கண்ணாடிக்கல் கடல் கடந்து சென்ற செய்தி இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. கிரேக்கத் தலைநிலத்தில் உள்ள பிராங்தி என்னும் குகையில், 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மண்ணடுக்கிலேயே மெலோஸ் தீவின் கண்ணாடி உள்ளது. உழவுத் தொழிலும் ஊர் அமைப்பும் தோன்றும் முன்னரே மனிதன் கடலில் சென்று மீண்டான் என்பதற்கு அச்சிறு சில்லுகளே சாட்சியாயின. அவன் ஏறிச் சென்ற படகு மக்கிப் போயிற்று. கல் மட்டும் மக்கவில்லை.

தலாசியாவின் கருங்கண்ணாடி

இனி நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே பப்புவா நியூகினி என்னும் நாடு உள்ளது. அதனைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் வடகரையில் தலாசியா என்னும் ஊர் இருக்கின்றது. அப்பகுதி எரிமலைகள் நிறைந்தது. முதல்தரமான கருங்கண்ணாடி அங்கே மிகுதியாகக் கிடைக்கும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அக்கல் அண்டைத் தீவாகிய நியூ அயர்லாந்துக்குக் கடல் வழியே சென்றுள்ளது.

பின்னர், ஏறத்தாழ 3,300 ஆண்டுகளுக்கு முன், அத்தீவுகளில் லாப்பித்தா எனப்படும் பண்பாட்டைச் சேர்ந்த மக்கள் தோன்றினர். அழகிய புள்ளிக் கோலங்கள் பதித்த மட்பாண்டங்கள் இவர்தம் அடையாளம். இவர்கள் தேர்ந்த கடலோடிகள். அதுவரை மனிதன் காலடியே படாத பசிபிக் தீவுகளுக்கு, பன்றி, கோழி, கிழங்கு வகைகள் முதலியவற்றைப் படகிலேற்றிச் சென்று குடியேறியவர்கள். சென்ற இடங்கள் பலவற்றுக்குத் தலாசியாவின் கருங்கண்ணாடியையும் எடுத்துச் சென்றனர். சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாந்தா குருஸ் தீவுகளிலும், அதற்கும் அப்பால் பிஜித் தீவுகளிலும் அக்கல் கிடைத்துள்ளது.

இவையெல்லாம் கிழக்குத் திசைச் செய்திகள். மேற்கே என்ன ஆயிற்று?

மண்டையோட்டு மலை

சபாவின் தென்கிழக்குக் கரையில் செம்பூர்ணா என்னும் பட்டணம் உள்ளது. நம் ஜார்ஜ்டவுனிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அப்பட்டணத்துக்கு அருகே கடலை நோக்கி நிற்கும் மலைக்குப் புக்கிட் தெங்கோராக் என்பது பெயர். மண்டையோட்டு மலை என்பது அதன் பொருள்.

1987ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் பெல்வுட், சபா அருங்காட்சியகத்தாருடன் சேர்ந்து அங்கே அகழாய்வு செய்தார். பாறைகளின் நிழலில், பழைய மக்கள் சமைத்து உண்டு வாழ்ந்த தடயங்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. மீன் முட்களும் சிப்பிகளும் ஏராளம். மட்பாண்ட ஓடுகளோ கணக்கில் அடங்கா. சிப்பியில் துளையிட உதவும் மெல்லிய அகேட் கல் ஊசிகளும் கிடைத்தன. அவற்றோடு சில கருங்கண்ணாடிச் சில்லுகளும் இருந்தன.

செம்பூர்ணாப் பகுதியே பழைய எரிமலை நிலந்தான். ஆகவே, ‘அந்த மலையிலேயே உண்டான கல்லாக இருக்கலாமே’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆய்வுக்கூடத்தில் கல்லின் கைரேகையைப் பார்த்தபோது விடை கிடைத்தது. அச்சில்லுகளிற் பல, தலாசியாவின் கண்ணாடியோடு பொருந்தின! 1989ஆம் ஆண்டில் பெல்வுட் இச்செய்தியை வெளியிட்டார். சில்லுகள் கிடைத்த அடுக்கின் வயது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள்.

அதன்பின் நம் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஸ்டீபன் சியா 1994, 1995ஆம் ஆண்டுகளில் அதே மலையில் அகழ்ந்தார். அவர் எடுத்த சில்லுகளும் நுண்ணிய கருவிகளால் சோதிக்கப்பட்டன. தலாசியாவின் கல் அங்கு வந்தது உண்மையே என்று அச்சோதனைகளும் காட்டின. எல்லாச் சில்லுகளும் தலாசியாவைச் சேர்ந்தவை அல்ல என்பதும், வேறு ஊற்றிடத்துக் கண்ணாடியும் அங்கு வந்து சேர்ந்துள்ளது என்பதும் தெரியவந்தன. மண்டையோட்டு மலை பலதிசைப் படகுகள் வந்து சென்ற இடம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எவ்வாறு வந்தது?

தலாசியாவிலிருந்து செம்பூர்ணா 3,500 கிலோமீட்டர் என்றேன். இதனை நம் அளவுகோலால் அளப்போம். நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ போன்ற நீராவிக் கப்பலேறிப் பினாங்கு வந்தார்கள் அல்லவா? அக்கல் வந்த தொலைவு அப்பயணத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நீராவி இல்லை, திசைகாட்டும் கருவி இல்லை, வரைபடம் இல்லை. மரப்படகு, பாய், துடுப்பு, விண்மீன், காற்று, அலை ஆகியவையே துணை. மேற்கே சபா முதல் கிழக்கே பிஜி வரை கணக்கிட்டால், ஓர் ஊரின் கல் 6,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் பரவியிருந்தது. கற்காலத்தில் ஒரு பொருள் இத்துணைத் தொலைவு சென்றதற்கு உலகில் வேறு எடுத்துக்காட்டுகள் மிக அரியவை.

ஒரே படகு தலாசியாவிலிருந்து நேரே சபாவுக்கு வந்தது என்று கொள்ள வேண்டுவதில்லை. தீவுக்குத் தீவு, கைக்குக் கை மாறியும் வந்திருக்கலாம். ஊற்றிடத்துக்கு அருகில் மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் கல் கிடைத்தால், அது கைமாறிச் சென்றதன் அறிகுறி என்று ரென்ஃப்ரூ விளக்கியுள்ளார். ஆற்று நீர் வாய்க்காலுக்கு வாய்க்கால் குறைந்து கொண்டே செல்வது போன்றது அது. எவ்வழியாயினும், இடையிலுள்ள ஒவ்வொரு கடலையும் யாரோ ஒருவர் படகில் கடந்தே ஆகவேண்டும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. லாப்பித்தா மக்களின் மூதாதையர் நம் தென்கிழக்காசியத் தீவுகளின் பக்கத்திலிருந்து கிழக்கே சென்றவர்கள் என்பது அறிஞர் பலரின் முடிவு. அவர்கள் சென்ற திசை கிழக்கு. தலாசியாவின் கல் சபாவுக்கு வந்த திசையோ மேற்கு. அஃதாவது, கல் அவர்கள் சென்ற வழியிலேயே திரும்பி வந்துள்ளது. புதிய நாடு தேடிப் போனவர்கள் பழைய நாட்டோடு உறவை அறுத்துக் கொள்ளவில்லை. போக்கும் வரவும் தொடர்ந்து இருந்தன என்று பெல்வுட் கருதினார். சபாவில் கூரிய கருவி செய்ய அகேட் முதலிய கற்கள் இருந்தன. இருந்தும் அத்தொலைவிலிருந்து வந்த கண்ணாடியை அவர்கள் போற்றினார்கள் என்றால், அதன் மதிப்பு கூர்மை ஒன்றில் மட்டும் இருந்திராது. ஊரிலிருந்து வந்த பொருளென்றால் நம் பாட்டிமார் ஒரு பிடி புளியைக் கூடப் பொத்தி வைப்பார்களே, அதனை நினைத்துக் கொள்ளுங்கள்.

மண்ணோடு இருக்கும் வரை

இவ்வளவும் நமக்குத் தெரியவந்ததற்கு ஒரு காரணம், அச்சில்லுகள் தாம் விழுந்த மண்ணடுக்கிலேயே கிடந்தமை. கல்லின் கைரேகை அது எங்கே பிறந்தது என்று மட்டுமே சொல்லும். அது எப்போது வந்தது, யாருடைய அடுப்பருகே கிடந்தது என்பதை மண்ணே சொல்லும். யாரேனும் ஒருவர் அதனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டிருந்தால், அப்பாதிக் கதை அன்றே அழிந்திருக்கும்.

இதற்குச் சான்று தேடி நாம் சபா வரை செல்ல வேண்டா. நம் செபராங் பிறையின் வடபகுதியில், மூடா ஆற்றுக்கு அருகே குவார் கெப்பா என்னும் இடம் இருக்கின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் உண்டு போட்ட சிப்பிகள் குன்றுகளைப் போல் குவிந்திருந்தன. 1860ஆம் ஆண்டளவிலேயே அவற்றைப் பற்றி எழுதியவர் உண்டு. ஆனால் சுண்ணாம்பு எடுப்பதற்காக அக்குவியல்களைப் பெரும்பாலும் வெட்டிச் சென்றுவிட்டனர். 1934ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு நடந்தபோது கிடைத்த எலும்புக்கூடுகள் ஆலந்து நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. நல்வாய்ப்பாக, 2017ஆம் ஆண்டில் அதே இடத்தில் 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்று அவளை இன்று அழைக்கின்றனர். வெட்டிச் சென்ற சிப்பிகளுக்கிடையே இன்னும் எத்தனை பேர் உறங்கிக் கொண்டிருந்தார்களோ! சுண்ணாம்பு வெட்டியவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அது வரலாறு என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. நமக்குச் சொல்லிவிட்டார்கள். ஆதலால், மாணவர்களே, ஆற்றங்கரையிலோ தோட்டத்து மண்ணிலோ பழம்பொருள் எதையேனும் கண்டால், அதனைத் தோண்டாதீர்கள். இடத்தைக் குறித்துக் கொண்டு வந்து ஆசிரியரிடம் கூறுங்கள்.

நம் ஊர் எது?

இக்கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்த இரவில் ஓர் எண்ணம் என்னை வருத்தியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சிறு கற்சில்லு எந்த மலையில் பிறந்தது என்பதை என்னால் இன்று உங்களுக்குச் சொல்ல முடிகின்றது. ஆனால் என் பாட்டனார் எந்தச் சிற்றூரில் பிறந்தார் என்பதை என்னால் சொல்ல முடியவில்லை. ‘நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறினார்’ என்பது மட்டுமே தெரியும். நாகப்பட்டினம் அவர் கப்பலேறிய துறை. அவர் பிறந்த ஊர் அன்று. அவர் இருந்த காலத்தில் கேட்டிருக்கலாம். நான் சிறுவன், கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றிய காலத்தில் அவர் இல்லை.

கல் தன் பிறப்பிடத்தைத் தன் உடலிலேயே சுமந்து செல்கின்றது. மனிதன் அதனை வாய்ச்சொல்லாகச் சுமக்கின்றான். ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டால், அல்லது அடுத்த தலைமுறை கேட்காமல் விட்டால், அது போயிற்று. எந்த ஆய்வுக்கூடமும் அதனை மீட்டுத் தராது.

ஆதலின், வரும் விடுமுறையில் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள பாட்டன், பாட்டி, பெரியப்பா, அத்தை யாராயினும் அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். நம் குடும்பத்தில் முதலில் இந்நாட்டுக்கு வந்தவர் யார்? எந்த ஊர்? எந்த ஆண்டு? எந்தத் தோட்டத்தில் முதலில் வேலை செய்தார்? எதைக் கையில் கொண்டு வந்தார்? அவர்கள் சொல்வதைச் சொல்லியபடியே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி, நாளும் குறித்து வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் வந்து கேட்கும்போது, ‘அதெல்லாம் உனக்கு எதற்கு?’ என்று தள்ளிவிடாதீர்கள். தெரிந்த அளவு சொல்லுங்கள். ஊர்ப்பெயர் ஒன்று மட்டுமே தெரிந்தாலும் அதனையே சொல்லுங்கள்.

மண்டையோட்டு மலையில் கருங்கண்ணாடியைக் கொண்டு மீன் அரிந்தவர்கள், தங்கள் கையிலிருந்த சில்லு எந்தக் கடல்களையெல்லாம் கடந்து வந்தது என்பதை அறிந்திருப்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார்கள். நாமும் அவ்வாறே செய்வோமாக. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், அந்தப் பயிற்சிப் புத்தகங்களைக் காண நான் காத்திருப்பேன்.